டைனமோவுக்குப் பழைய ஞாபகம்

8.10, புதன்

காலையிலிருந்து மழை. போர்ட் கிள்ளான் கிடங்கில் லோரிகள் வரிசை கட்டி நின்றன. வீட்டுக்கு வரும்போது சப்பாத்துக்குள் தண்ணீர்.

மாலை அண்ணன் போன். அப்பாவின் பழைய பிரிட்டிஷ் பைக்கை வாங்க ஆள் கிடைத்துவிட்டதாம். ஞாயிறு மதியம், பிரிக்பீல்ட்ஸ், அண்ணன் கடை. "லோரியில ஏத்திக்கிட்டு வந்தா வித்துருவோம். நீயே ஓட்டிக்கிட்டு வந்தீன்னா விக்கல. போதுமா?" சிரிப்பு வேறு. என்னால் முடியாது என்று முடிவே கட்டிவிட்டான்.

பைக் ஓடும். சார்ஜ்தான் ஏறாது. கொஞ்ச தூரத்திலேயே முன்விளக்கு அழுது வடியும். பகலிலும் விளக்கு எரியாவிட்டால் போலீஸ் சமன், அபராதம். மழையில் ஹைவே லோரிகளுக்கு நடுவே விளக்கில்லாமல் போவதை நினைத்தால் சமன் பரவாயில்லை.

விற்கக் கூடாது. விற்றால் அழுவேன்.

9.10, வியாழன்

வெயில். லீவு. வாங்கியவை: 12 வோல்ட் பேட்டரி, அதற்கேற்ற பல்பு, வயர், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், என் வீட்டுக்காரர் கேட்ட வெள்ளரிக்காய்.

பழைய ரெகுலேட்டர் கருகிப் போயிருந்தது. கழற்றி எறிந்தாயிற்று. அந்தக் காலத்து வண்டி, பேட்டரியின் பிளஸ்ஸை பிரேமில் கட்டியிருந்தார்கள். இப்போதைய வழக்கப்படி மைனஸாக மாற்றினேன். புது ரெகுலேட்டரின் எர்த் வயருக்காக பிரேமில் பெயின்ட்டை வட்டமாகச் சுரண்டியும் வைத்தேன்.

டைனமோவைத் தனியாக மீட்டரில் பார்த்தால் எல்லாம் தலைகீழ். பிளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ்!

கிடங்கில் கூட வேலை செய்யும் பைசாலுக்கு போன் போட்டேன். அவனும் பழைய பைக் பைத்தியம், என்னை மலாயில் அக்கா என்பான். "டைனமோ மாசி இங்காட் யாங் லாமா, காக். காசி லுபா." பழையதையே இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறதாம். மறக்கடிக்க வேண்டுமாம். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, உண்மையாம்.

10.10, வெள்ளி

வேலை முடிந்ததும் பைசால் சொன்னபடி. டைனமோ வயர்களைக் கழற்றி, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், டைனமோவின் கம்பிச்சுருள் முனையில் ஒரே ஒரு தொடல். சின்னப் பொறி. அவ்வளவுதான்.

இஞ்சினை உதைத்தேன். மீட்டரில் பிளஸ். முறுக்க முறுக்க ஏறுகிறது.

மெய் சிலிர்த்துவிட்டது. அப்பா போனதிலிருந்து மூலையில் கிடந்த இரும்பு. அதற்குள் ஒரு திசை இருந்திருக்கிறது, இத்தனை நாளும், யாரும் கேட்காமலே. அதை நான் ஒரு தொடலில் திருப்பிவிட்டேன். சோறு அடி பிடித்தது.

எல்லாவற்றையும் மாட்டினேன். எர்த் வயரை மட்டும் வீட்டுக்காரர் முறுக்கினார், நான் அடி பிடித்த சட்டியைத் தேய்க்கப் போயிருந்தேன். ஓட்டிப் பார்த்தால் ஆம்மீட்டர் முள் மைனஸ் பக்கமே. விளக்கு பேட்டரியைத் தின்றுதான் எரிகிறது. போச்சு.

11.10, சனி

ஒவ்வொரு இணைப்பாக. மதியம் வரை ஒன்றுமில்லை. கடைசியில் எர்த் நட்டைக் கழற்றினேன். வயருக்கும் பிரேமுக்கும் நடுவே, சுரண்டிய வட்டம் முழுக்க, காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்!

"என்னங்க இது?"

"நேத்து வெள்ளிக்கெழமல்ல. நீதானே வட்டமா சொரண்டி பளிச்சுன்னு வச்சிருந்த? பொட்டுக்குத்தான் எடம் விட்டிருக்கேன்னு நெனச்சேன் லா."

திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. துடைத்து முறுக்கினேன். முள் பிளஸ் பக்கம். பொட்டு டேங்குக்கு இடம் மாற்றம், அவர் கையாலேயே.

12.10, ஞாயிறு

கிள்ளான் தாண்டியதும் கொட்டு மழை. பைக் பாதையில் தண்ணீர், ஹைவேயில் லோரிகளுக்கு நடுவேதான் போனேன். முன்னால் தார் மேல் மஞ்சள் வெளிச்சம், மங்கவே இல்லை. எங்கிருந்து வருகிறது? என் காலடியில் ஏதோ சுற்றுகிறது, அதிலிருந்து. காந்தமும் கம்பியும் தொட்டுக்கொள்வதுகூட இல்லை. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே "ஐயோ கடவுளே" என்றேன்.

பிரிக்பீல்ட்ஸ். அண்ணன் கடை வாசலுக்கு ஓடி வந்தான். குனிந்து விளக்கின் முன் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவேயில்லை.

வாங்க வந்தவர், "இஞ்சின ஆஃப் பண்ணுங்க, பாப்போம்" என்றார்.

"சாரி பாஸ், இது விக்கறதுக்கில்ல." அண்ணன் என் பக்கம் திரும்பி, "எறங்கு. ஒரே ஒரு ரவுண்டு."

மழையிலேயே போய்விட்டான், ஹெல்மெட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு. வாங்க வந்தவரும் நானும் டீ குடித்து முடித்தாயிற்று. ஆளை இன்னும் காணோம்.