தாலாய் கிழித்த கோடு

சோங்-கோல் ஏரி, மேற்குக் கரை
ஆகஸ்ட் 31

அன்புள்ள தம்பி சஞ்சாருக்கு,

குல்பாரா அக்கா எழுதுவது. பிஷ்கெக்கில் நீங்களும் உங்கள் தங்கையும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் படம் எடுத்துவிட்டு விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போனீர்களே, அந்த இரவு குதிரைகளைத் தேடிப் போன என் கணவர் தாலாய் இன்னும் திரும்பவில்லை. ஒரு வாரம் ஆகிறது. சிக்னல் கிடைக்கும் கொச்கோர் ஊர் வரை போய் உங்களுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், மணியே அடிக்கவில்லை. அதனால் லாரிக்கார மெலிஸ் அண்ணன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நிலா இல்லாத நாளாகப் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள். நல்ல இருட்டு என்று நீங்கள் கொண்டாடுவதை நாங்கள் கெட்ட இருட்டு என்போம். கூடாரத்துக்குப் பின்னால் மலையைப் பார்த்தபடி கேமராவை நிறுத்தி, விடியும் வரை அது தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்க உள்ளே வந்தீர்கள். "அக்கா, இன்னிக்கு ஒரு ராத்திரி வாசல் விளக்கு வேணாம். நட்சத்திரத்துக்கு வெக்கம் ஜாஸ்தி, வெளிச்சம் பாத்தா வராது" என்றீர்கள். "அப்போ என் பொண்டாட்டியயும் ஒரு போர்வை போட்டு மூடணுமே, அவளும்ல பளபளன்னு இருக்கா" என்று அவர் கிண்டல் செய்தார். தம்பி முன்னால் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சிரித்து முடிப்பதற்குள் குதிரைகள் மிரண்டு ஓடின. ஓநாயாகத்தான் இருக்கும். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு குதிரை ஏறினார். "தம்பி, கோவிச்சுக்காத! உன் படத்துல ஒரு கோடு கிழிச்சிட்டுப் போறேன்" என்று வெளியிலிருந்து கத்தினார். "பரவால்லண்ணே, அழிச்சிடலாம்" என்று நீங்கள் உள்ளிருந்தே சொன்னீர்கள். நான் விளக்கை ஏற்றப் போனேன். "இன்னும் கொஞ்ச நேரம்க்கா" என்றீர்கள். பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மறுநாள் குதிரைகள் ஏரிக்கரை வழியாக ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. செம்பட்டைக் குதிரைக்குட்டி மட்டும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அவருடைய குதிரை சேணத்தோடு தனியாக வந்து நின்றது. அதுவும் கரை வழியாகத்தான் வந்தது. அதனால் எல்லோரும் கரையைத்தான் தேடினார்கள். படகு விட்டுக் கம்பால் துழாவியும் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது தேடுவதையே விட்டுவிட்டார்கள். அவர் ருஷ்யாவுக்கு வேலைக்கு ஓடிவிட்டாராம். "அண்ணன் இந்நேரம் மாஸ்கோவுல தெருப் பனி வாரிக்கிட்டு இருக்கும். நீங்க ஏன் அண்ணி மலை மலையா அலையுறீங்க?" என்று என் கொழுந்தன் எமிலே கேட்கிறான். அவருடைய அடையாள அட்டை என் பெட்டியில் கிடக்கிறது, அது இல்லாமல் எந்த எல்லையைத் தாண்டுவார் என்று எடுத்துக் காட்டினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் தம்பி, எமில் சொல்வதே உண்மையாக இருக்கக் கூடாதா என்று சில நேரம் எனக்கே ஏக்கமாக இருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டுப் போய் எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும். வந்தால் முதுகில் நாலு சாத்திவிட்டு ரொட்டி எடுத்து வைப்பேன்.

அன்று எடுத்த படங்களில் டார்ச் வெளிச்சம் கோடாக விழுந்து கெட்டுப்போனது என்று நீங்கள் ஒதுக்கியவை இருக்கும். எனக்கு அவைதான் வேண்டும். கேமரா மலையைப் பார்த்து நின்றது, ஆள் போனது கரைக்கு, அதில் என்ன தெரியப்போகிறது என்று இங்கே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எதையும் அழித்துவிடாதீர்கள். உங்களுக்குக் கோடி புண்ணியம்.

இப்படிக்கு,
அக்கா குல்பாரா


சோங்-கோல்
செப்டம்பர் 5

தம்பி சஞ்சாருக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தை நேற்று மெலிஸ் அண்ணன் கொண்டுவந்தார். என் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே நீங்கள் பாமிர் மலைக்குப் படம் எடுக்கப் போய்விட்டீர்களாம். போகும்போது இதை எங்களுக்கென்று தங்கையிடம் கொடுத்து வைத்தீர்களாம். பின்பக்கம் ‘தாலாய் அண்ணனுக்கு அன்போடு’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும்தான் உங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்று புரிந்தது.

படம் அழகு, பொய் சொல்ல மாட்டேன். நாங்கள் வைக்கோல்காரன் பாதை என்று சொல்லும் பால்வீதி மலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. ஓரத்தில் ஓர் எரிநட்சத்திரம். "இது நம்ம மலையா!" என்று எமில் வாயைப் பிளந்தான். நான் தேடியது டார்ச் வெளிச்சத்தை. மருந்துக்கும் இல்லை. எரிநட்சத்திரம் போட்ட கோட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டீர்களே, தாலாய் போட்டிருந்தால் அந்தக் கோடு எங்கே, தம்பி? படத்தைக் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன்.

எது தடுத்ததோ தெரியவில்லை. வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மலையிடுக்கில் ஏறிப் போகும் கழுகுப் பள்ளத்தின் மேல்சரிவில் ஒட்டகத் திமில் போல ஒரு பாறை உண்டு. பால் கறக்கும்போது தினமும் என் கண்ணில் படுவது. இந்த மலையில் அப்படி ஒரே ஒரு பாறைதான். உங்கள் படத்தில் இரண்டு இருக்கின்றன. அதே திமில், அதே வெடிப்பு, பக்கத்தில் அதே புதர். அழுது அழுது கண் கெட்டுவிட்டதோ என்று எமிலைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேணாத எதையோ மறைக்க, பக்கத்துல இருந்தத எடுத்து மேல ஒட்டியிருக்காங்க அண்ணி. போன்லயே செய்யலாம்" என்றான். சொல்லிவிட்டு அவனே எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தான்.

மறைத்தது அவருடைய டார்ச் கோட்டைத்தான்; வேறு யாரும் அன்று அந்தச் சரிவில் நடமாடவில்லை. அவர் கரைக்குப் போகவே இல்லை, தம்பி. பள்ளத்துக்குள் ஏறியிருக்கிறார். செம்பட்டைக் குட்டி அங்கிருந்து கத்தியிருக்க வேண்டும். குட்டி கத்தினால் அவருக்கு முன்பின் யோசனை வராது. இத்தனை நாளும் நாங்கள் எதிர்ப்பக்கம் தேடியிருக்கிறோம்.

இன்று காலையிலிருந்து பனி விழுகிறது. பக்கத்துக் கூடாரங்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. எமில் கயிறும் கம்பளியும் கட்டி இரண்டு குதிரைகளைத் தயார் செய்துவிட்டான். "நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி" என்றான். மெலிஸ் அண்ணன் லாரியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார். நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளம் நீளமானது, நடுவில் இரண்டாகப் பிரிகிறது. பனி மூடிவிட்டால் சித்திரை வெயில் வந்தால்தான் தரை தெரியும். அழிப்பதற்கு முந்தைய படங்கள் உங்களிடம் கட்டாயம் இருக்கும். உங்கள் தங்கை எப்படியாவது உங்களைப் பிடித்துக் கேட்டுச் சொல்லட்டும். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கோடு மேடேறி அந்தப் பக்கம் போனதா, பாதியில் நின்றதா? அந்தப் பக்கம் போயிருந்தால் ஆட்டுக்காரர்களின் குடிசைகள் உண்டு, அடுப்பு உண்டு, காலொடிந்து போனாலும் ஒரு வாய் குதிரைப்பால் குமிஸ் கொடுக்க ஆள் உண்டு. நின்றிருந்தால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். அக்கா தாங்க மாட்டாள் என்று எதையும் மறைக்க வேண்டாம். இந்த ஒரு படத்தையாவது அழகுபடுத்தாமல் கொடுங்கள்.

உங்கள் மேல் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனாலும் மூத்தவள் நான், வாழ்த்தாமல் கடிதத்தை முடிக்கக் கூடாது. எங்கள் வாசல் விளக்கு இப்போது பகலிலும் எரிகிறது. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறவர்கள் எல்லோரும், விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பட்டும்.

அக்கா,
குல்பாரா