கொக்கோக் களத்தில் சனிக்கிழமைகள்

1938 பெப்ரவரி 1, செவ்வாய்

ஞானமலர் டீச்சர் இன்று வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் பேச்சியம்மா பெரிய பிள்ளையானதிலிருந்து அவளைப் பாடத்துக்கு மட்டும்தான் அனுப்புகிறோம், வலைப்பந்துக்கு இல்லை. பக்கத்து வீட்டு ஹிதாயாவையும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஏழு பேர் ஆட வேண்டிய குழுவில் இப்போது ஐந்து பேர். மார்ச் 26 கண்டியில் போட்டி. ஆள் சேராவிட்டால் போக முடியாது என்றார் டீச்சர்.

இவர், பேச்சியின் அப்பா, மரியாதையாகத்தான் பேசினார். "படிக்கட்டும் டீச்சர். குதிச்சது போதும். பொம்பளப் புள்ள."

நான் கதவோரம் நின்று தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்? பழக்கம்.

பெப்ரவரி 3

பேச்சி மெதுவாக நடக்கிறாள், வீட்டுக்குள்ளேகூட. கிணற்றடிக்குப் போனால் வாளிக்கு முன்னால் போய் நிற்கிற பிள்ளை! "மெதுவா நடடி" என்று சொன்னது யார்? இவர் இல்லை. நான்தான்.

பெப்ரவரி 5, சனி

ஹிதாயாவின் உம்மா ஜுனைதா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"எங்கட களம் சும்மா தானே ஈக்கி?"

அவள் புருஷன் மக்கீன் கொக்கோ வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் கொக்கோ காயப்போடும் சிமெந்துக் களம், சுற்றிலும் ஒன்றரை ஆள் உயரச் சுவர். கொக்கோ காலம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் மக்கீன் மிளகு வாங்கப் பலாபத்வலைக்குப் போய்விடுவார். இவர் பகல்வரை புடவைக் கடையில்.

"புள்ளையள் அதுக்குள்ள ஆடினா ஆரு பாக்கப் போறாங்க?"

"வீட்டுல என்னன்னு சொல்றது?"

"வட்டிலப்பம் செய்யப் பழகிற என்டு சொல்லுங்க."

இவ்வளவு சீக்கிரம் பொய் வருகிறது என்றால், ஜுனைதா பல நாளாக யோசித்திருக்கிறாள்.

பெப்ரவரி 12, சனி

தொடங்கியாயிற்று. சொல்லியனுப்பியதும் டீச்சரும் வந்துவிட்டார். ஜுனைதா ஒரு மிளகுக் கூடையின் அடியை வெட்டி, களத்தோரத்து ஸ்டோரின் வெளியே நீட்டிய உத்தரத்தில் கட்டிவிட்டாள். அதுதான் வளையம். ஹிதாயா பந்து போடுகிறவள், பேச்சி நடுவில் ஓடுகிறவள். மறிக்க ஆள் வேண்டுமே? டீச்சர் அம்மாமார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாதாம். கைக்கு வந்ததை உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். பதினைந்து வருஷமாகச் சோற்றுக்கரண்டியோடு இதைத்தானே செய்கிறேன்!

ஜுனைதா சிரித்துச் சிரித்துச் சாக்கு மூட்டைமேல் விழுந்தாள். பேச்சி ஓடினாள். ஐயோ, என்ன ஓட்டம்!

பெப்ரவரி 19

விரல் வீங்கிவிட்டது. "அம்மிக்கல்லு" என்றேன். இவர் நம்பிவிட்டார். மக்கீன் மூன்று நாளாக மிளகுக் கூடையைத் தேடுகிறாராம்.

பெப்ரவரி 26, சனி

இவர் வட்டிலப்பம் சாப்பிட்டார், ஜுனைதா செய்து கொடுத்தது. "யாரு செஞ்சது?"

"பேச்சி."

"கை நல்லா வருது புள்ளைக்கு."

பாவமாக இருந்தது, அரை நொடி. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. சண்முகராஜா, சண்முகராஜா, உங்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா?

மார்ச் 5

இன்று நான் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. எனக்கு வயது முப்பத்திநாலு. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 12, சனி

பிடிபட்டோம்.

புடவையை இழுத்துச் செருகி, இரண்டு கையையும் மேலே தூக்கி ஹிதாயாவை மறித்துக்கொண்டிருந்தேன். ஸ்டோருக்குள்ளிருந்து ஒரு அலறல் — "என்ட மிளகுக் கூட!" ஜன்னலில் மக்கீன். பலாபத்வலைக்குப் போகிற வண்டிக்கு அச்சு முறிந்து பாதி வழியில் திரும்பிவிட்டாராம். அவர் பக்கத்தில், தேநீர் குடிக்க வந்த இவர்.

ஜுனைதா முக்காட்டை இழுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்தாள். டீச்சர் வாயிலிருந்த விசில் அவரை அறியாமல் ஒருமுறை ஒலித்தது. நான் கையை இறக்கவே மறந்துவிட்டேன்.

இவர் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

மார்ச் 13

இவர் தட்டை மட்டும் பார்த்தார். சாப்பிட்டார், எழுந்தார். பேச்சி மறுபடியும் மெதுவாக நடக்கிறாள்.

மார்ச் 14, திங்கள்

என்னால் முடியவில்லை. கடைக்குக் கிளம்புகிறவரை வாசலில் மறித்தேன். மறிக்கத்தான் ஐந்து வாரமாகப் படித்திருக்கிறேனே.

"பொய் சொன்னேன். தப்புத்தான். என்னைத் திட்டுங்க. ஆனா அவ நடக்குறதப் பாத்தீங்களா? பதிமூணு வயசுப் புள்ளங்க! கெழவி மாதிரி நடக்குறா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்கே பொறுக்கல—"

அழுதுவிட்டேன், சீ.

இவர் குடையைத் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார், "ஏன் எப்பவும் வலது பக்கமே ஓடுறா? இடது பக்கம் காலியாத்தானே கெடக்குது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலிக்கு ஓடினேன். ஜுனைதாவுக்கு மக்கீன் சொன்ன கதை: இரண்டு பேரும் அந்த ஜன்னலில் கால் மணி நேரம் நின்றார்களாம். மக்கீன் களத்துக்குள் வரப் பார்த்தபோது, "சும்மா இருங்க, அந்தப் பந்து விழுதான்னு பாப்பம்" என்று இவர்தான் தடுத்தாராம். கடைசியில் அது தன் கூடை என்று அடையாளம் தெரிந்திராவிட்டால் மக்கீனும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

கால் மணி நேரம்! நான் எத்தனை தரம் தடுக்கி விழுந்தேனோ.

மார்ச் 26, சனி

கண்டிக்கு ரயிலில் போனோம். ஹிதாயா நீளக் கைச்சட்டையும் தலையில் முக்காடுமாக ஆடினாள். மக்கீன் அனுமதித்துவிட்டார், புதுக் கூடை வாங்கித் தரச் சொல்லி. துணைக்கு ஆண்கள் வேண்டும் என்று இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை.

எட்டுக்கு ஒன்பதில் தோற்றோம். கடைசிப் பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. ஹிதாயா அழுதாள். பேச்சி அழவில்லை, புல்லில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினாள். முகம் சிவந்து, முடி அவிழ்ந்து, என்ன அழகு!

இவரைக் காணோம். தேடிப் பார்த்தால், நடுவராக இருந்த வெள்ளைக்கார அம்மாவிடம் சிங்களத்தில் வாதாடிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜூன் 11, சனி

டீச்சருக்கு ஒரே ஆச்சரியம். பயிற்சிக்கு ஏழு பேர் இல்லை, பதினொரு பேர் வந்திருந்தார்களாம். தெருக்கோடி மாடசாமியின், வருஷக்கணக்காக வீட்டோடு இருந்த மூத்த மகளும் வந்திருந்தாளாம். புதிதாக வந்த நாலு பேரின் அப்பாமாரையும் யாரோ போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள்.

இவரிடம் கேட்டேன், "மாடசாமி வீட்டுக்குப் போனீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கடை விஷயம்."