யேசுதாசன் அண்ணைக்கு நான் செய்த இணையத்தளம்

மே 4, திங்கள்
கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கடை வாசலில் கட்டியிருந்த பனர் அறுந்து ரோட்டோடு போனது. “காற்றுக்கும் மழைக்கும் அசையாத பனர்” என்று எழுதிய பனர். துரத்திப் பிடித்தேன். பஸ் தரிப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். பரவாயில்லை, வாசித்திருப்பார்கள்.

உப்புவெளி யேசுதாசன் அண்ணையின் இணையத்தளம் முடிந்தது. என் முதலாவது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் நாலு அறையைச் சுற்றுலாக்காரருக்கு விடுகிறார். கொழும்பு ஏஜென்ட் ஒருவர் சீசன் முழுக்க நாலையும் தன்னிடம் தரச் சொல்லி நிற்கிறார். கொடுத்தால் ஏஜென்ட்டின் ஆட்கள், ஏஜென்ட்டின் சமையல்காரன். அண்ணையின் மனைவி பிலோமினா அக்கா தன் குசினிக்குள் வேறு ஆளை விடமாட்டா. ஆகவே தளம். ஆகவே நான். கணிதத்துக்காக ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எடுத்தவன்.

பயமில்லை. இத்தனை வருடம் பனரும் கலியாண அழைப்பிதழும் அடித்த கை. இது போனுக்குள் ஒரு பனர், அவ்வளவுதான்.

வாங்க: பால்மா, பிரிண்டருக்கு நீல மை, மகள் டிலானிக்குச் சப்பாத்து.

மே 5, செவ்வாய்
தேத்தண்ணி வாயில் வைக்க முதல் யேசுதாசன் அண்ணையின் போன்.

“தம்பி, நான் செத்திட்டனோ?”

“ஏன் அண்ணை?”

“கனடாவில என்ர தங்கச்சி அழுது விழுந்து கிடக்கிறாள். உம்மட வேலையைப் பாத்துத்தான்.”

நடந்தது இது. அண்ணை தளத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். தங்கச்சி திறந்து பார்த்தவுடன் ஒப்பாரியோடு போன் எடுத்திருக்கிறா. பிலோமினா அக்காவுக்கு யார் செத்தது என்று விளங்கவில்லை. அவவும் சேர்ந்து அழுதிருக்கிறா. கடைசியில் அண்ணை போனை வாங்கி “நான்தான் கதைக்கிறன்” என்றிருக்கிறார். தங்கச்சி பயத்தில் கட் பண்ணிவிட்டா.

திறந்து பார்த்தேன். கோட் போட்ட ஸ்டூடியோப் படம், நீள்வட்டத்துக்குள். சுற்றிவர வெள்ளைப் பூ. இரண்டு பக்கமும் அசைகிற விளக்கு. ஊதாப் பின்னணி. கீழே பெயர், ஊர். கண்ணீர் அஞ்சலி பனர் அடித்து அடித்து, ஆளின் படம் கிடைத்தால் கை தானாக அங்கேதான் போகிறது. நான் வடிவென்று நினைத்துத்தான் செய்தேன்.

என் மனிசி எட்டிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. எத்தினை மணிக்கு அடக்கம்?”

அண்ணையின் கடைசிச் சொல்: “ஞாயிறு பூசை முடிய ஏஜென்ட் வாறார். அதுக்குள்ள ஒரு ஆளாவது உந்தத் தளத்துக்குள்ளால வந்து அறை கேட்டால் சரி. இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கிறன்.”

மே 6, புதன்
இரண்டு கலியாணக் காட். ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பெயர் கூட்டச் சொன்னார்கள். பெண்ணின் பெயர் ஓரத்துக்குப் போனது.

பின்னேரம் டிலானியிடம் சரணடைந்தேன். ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள், போனும் கையுமாக. ஒரு பரீட்சை வைத்தாள்.

“அப்பா, நீங்க இப்ப வெள்ளைக்காரன். கொழும்பில இருந்து பஸ்ஸில வாறீங்கள். களைப்பு. போன்ல சார்ஜ் முடியப்போகுது. அறை எடுங்கோ, பாப்பம்.”

எடுத்தேன். முதலில் அண்ணை. பிறகு பாதர் அறைகளை ஆசீர்வதிக்கும் படம். பிறகு நாடா வெட்டிய பிரமுகர்கள், ஆளுக்கொரு வட்டம். ஒன்று தெரிய முதல் ஒரு மூச்சு விடலாம், அவ்வளவு கனமான படங்கள். அறை எங்கே? காணேல்லை. போன் நம்பர் அடியில், பூவுக்குள்.

“தளம் செய்த உங்களுக்கே அறை கிடைக்கேல்லை,” என்றாள்.

“வெள்ளைக்காரன் பஸ்ஸிலயே படுக்கட்டும்,” என்றேன்.

பகிடி விட்டாலும் உறைத்தது. பனர் அடிப்பிக்கிறவன் தன் ஆட்களின் முகம் பார்க்கத்தான் அடிப்பிக்கிறான். தளத்துக்கு வருகிறவனுக்கு எங்கள் ஒருவரையும் தெரியாது. அவன் தான் படுக்கப்போகிற கட்டிலைத் தேடுகிறான்.

மே 7, வியாழன்
உப்புவெளி. சைக்கிளில், எதிர்க்காற்று. படம் எடுக்க.

அறைக் கதவில் நின்று பார்த்தால் கேற், கேற்றுக்கு வெளியே மணல், மணலுக்கு அங்கால் கடல். இத்தனை நாள் வந்து போனவன், இது கண்ணில் படவில்லை. கட்டில், நுளம்பு வலை, குளிக்கும் அறை. இடியப்பம், சொதி, சம்பல்.

பிலோமினா அக்கா: “என்னை எடுக்காதேயும். நான் சீலை மாத்தேல்லை.”

அண்ணை இன்னும் முகம் தரவில்லை. கோட் போட்டுவந்து கதிரையில் விறைத்து இருந்தார். வேண்டாம் என்றேன். அந்த நேரம் சம்பல் தட்டைப் பூனை நக்கியது. அக்கா கரண்டியோடு துரத்த, அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். எடுத்துவிட்டேன்.

மே 8, வெள்ளி
புதுத் தளம் ஏறியது. மேலே கதவு, மணல், கடல். அடுத்து அறைகள், வாடகை. அடுத்து சாப்பாடு. சிரிக்கிற அண்ணையும் ஓடுகிற பூனையும் சின்னதாக. எந்தப் பக்கம் போனாலும் கீழே ஒரே ஒரு பச்சை பட்டன், அமத்தினால் அண்ணையின் வட்ஸ்அப். பிரமுகர்கள் அவுட். பாதரும் அவுட், கர்த்தர் மன்னிப்பாராக. ஆங்கிலம் டிலானி.

ஆனால் தளம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இது என் ஏரியா. கியூஆர் கோட் போட்டு ஸ்டிக்கர் அடித்தேன். பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ ஓடுகிற நௌபருடைய வண்டிக்குள், பின்சீற்றுக்கு எதிரே ஒட்டினோம்.

நௌபர்: “அண்ணே, இவ்வளவு சின்ன எழுத்து உங்கட வாழ்க்கையிலயே அடிச்சிருக்க மாட்டீங்க.”

உண்மை.

மே 9, சனி
ஒன்றுமில்லை. மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம் அண்ணை: “தம்பி, நீர் எடுத்துக்கொண்டிருந்தால் மற்றவன் எப்பிடி எடுக்கிறது?”

ஆனாலும் தளம் நல்ல தளம். அது எனக்குத் தெரியும்.

மே 10, ஞாயிறு
பூசையில் பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. நேரே உப்புவெளி.

ஏஜென்ட் கதிரையில். நல்ல சேட் போட்டிருந்தார். கையெழுத்துக்குப் பேனை மேசையில். அக்கா தேத்தண்ணியை வைத்த சத்தத்திலேயே அவவின் கருத்து விளங்கியது.

அண்ணையின் போன் கிணுங்கியது. ஆங்கிலத்தில் செய்தி. டிலானிக்கு அனுப்பி விளக்கம் கேட்டோம். இரண்டு ஜெர்மன் பெட்டைகள், நௌபரின் ஓட்டோவுக்குள் இருந்து. அறை இருக்கிறதா? கேற்றைத் திறந்தால் கடலென்பது மெய்யா? பூனை இன்னும் இருக்கிறதா?

அண்ணை பேனையைத் தொடவில்லை. ஏஜென்ட் சிரித்தார். “ஒரு அறை. மற்ற மூண்டும்?”

நியாயமான கேள்வி. பதில் அக்காவிடம் இருந்தது.

“மூண்டும் சும்மா கிடக்கட்டும். கூட்டித் துடைக்கிறது நான்தானே.”

அண்ணை அக்காவின் முகத்தைப் பார்த்தார். பேனையை எடுத்து ஏஜென்ட்டின் பொக்கற்றில் செருகிவிட்டார்.

பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். தங்கச்சி பச்சை பட்டனால் எழுதியிருக்கிறா, கதைக்க இன்னும் பயமாம். வாசித்துக் காட்டினார்: “அண்ணா, உன்னை உயிரோட ஒருக்காப் பாக்கவேணும். ஆவணியில வாறம். மூண்டு அறை.”

“தம்பி, பூவும் விளக்கும் வைச்ச அந்தப் பழைய படத்தை எறிஞ்சிடாதேயும்.”

மே 12, செவ்வாய்
காற்று குறைவு. கடலோரத்தில் இன்னொரு விடுதிக்காரர் விசாரித்து வந்தார். “அந்தப் பூனை வீட்டுத் தளம் செய்தது நீங்களோ?” ஓம் என்றேன், கொஞ்சம் சத்தமாக.

மத்தியானம் ஒரு கண்ணீர் அஞ்சலி பனர், அவசரம். படம் நீள்வட்டத்துக்குள். பூ. விளக்கு. ஊதா. ஒரு பிழையும் இல்லை. பிரிண்டுக்குப் போக முதல் டிலானி எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, செத்தவருக்குக் கீழ பச்சை பட்டன் ஏன்?”

அழித்தேன்.