மூன்றாம் கட்டையிலிருந்து இறங்கிய குரல்

மச்சாள்,

நேற்றுச் சனிக்கிழமை. அரை நாள் வேலை முடித்து வந்து, கம்பி மாற்றுவதற்காகக் கிற்றார் உறையைத் திறந்தேன். தைல வாசம் எழுந்தது. நீங்கள் தொண்டையில் பூசுகிற தைலம்தான். ஒருநாள் உறையின் பக்கப் பையில் போத்தல் கவிழ்ந்து ஊறியது, இன்னும் போகவில்லை. நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. கம்பியை மாற்றாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். துக்கம் என்று சொல்லமாட்டேன். களைப்புத்தான் அதிகம்.

உங்கள் தம்பியைக் கட்டி நான் தர்மபுரத்துக்கு வந்தபோது எனக்குக் கிற்றாரில் நாலைந்து கோட், சுரங்களைச் சேர்த்து அழுத்துகிற பிடிகள்தான் தெரியும். விரலை எங்கே வைப்பதென்று தெரியும். ஏன் அங்கே என்று தெரியாது. நீங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் தைத்துக்கொண்டே பாடுவீர்கள். தேவாலயத்து ஞாயிறு பூசையில் உங்கள் குரல் ஏ மேஜர் சுருதியில் நிற்கும். எனக்கு ஏ, டி, ஈ மூன்றும் போதும். ஒன்பது வருடம் அந்த மூன்றையும் வைத்துக் காலம் கடத்தினோம்.

பிறகு உங்களுக்குக் கழுத்தில் கழலை ஒப்பரேஷன் நடந்தது. காயம் ஆறியது. குரல் மட்டும் பழைய இடத்துக்கு ஏறவில்லை. ஏயில் பாடியதை ஜிக்கு இறக்கினோம். ஜி எனக்குப் பழகுவதற்குள் நீங்கள் எஃபில் நின்றீர்கள். எஃப் பிடிக்க ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க கொலர் பிடித்துத் தைத்துவிட்டு வருகிற விரல் அது.

அந்தச் சனிக்கிழமை பயிற்சியில், பாடகர் குழு முழுக்கப் பார்த்திருக்க, நான் கிற்றாரை மடியில் சாய்த்துவிட்டுச் சொன்னேன்: "மச்சாள், நீங்கள் கிழமைக்கொரு இடத்தில நிண்டால் நான் எங்க போறது? பாடேலாட்டி விடுங்கோவன்."

நீங்கள் பாட்டுப் புத்தகத்தை மூடி, அதன் மேல் கையை வைத்தீர்கள். அடுத்த நாள் பூசைக்குக் கடைசி வாங்குப் பலகையில் இருந்தீர்கள். வாய் திறக்கவில்லை.

புதன்கிழமைதான் உங்கள் தம்பி சொன்னார். "அக்காவுக்குத் திரும்பக் கட்டி வந்திருக்காம். போன கிழமையே ரிப்போட் கையில இருந்ததாம். ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

அதாவது நான் அதைச் சொன்ன சனிக்கிழமை அது உங்களுக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்க நான் வந்திருக்க வேண்டும். வெட்கத்தில் இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் நீங்கள்தான் சைக்கிளில் வந்தீர்கள். நேரே குசினிக்குள் வந்து, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மேசையில் ஒரு அப்பியாசக் கொப்பியை வைத்தீர்கள். ஃபோனில் வீடியோ பார்த்து, நிறுத்தி நிறுத்தி எழுதியதாம். உங்கள் வட்ட எழுத்தில், 'ரூட் - வேர். கோட்டுக்குப் பெயர் தருகிற சுரம்' என்றிருந்தது. அதன் கீழே 'ஸ்கேல் - சுர வரிசை', அதன் கீழே 'இன்டர்வெல் - சுர இடைவெளி'.

"எழுத்தைப் பாடமாக்காதேயும், இலக்கத்தைப் பாடமாக்கும்," என்றீர்கள். "ஸ்கேலில முதலாவது, நாலாவது, அஞ்சாவது. எங்கட பாட்டெல்லாம் இந்த மூண்டுக்குள்ளதான் சுத்துது. ஏயில எண்டால் ஏ, டி, ஈ. ஜியில எண்டால் ஜி, சி, டி. விளங்குதே?"

"ஓம்," என்றேன். விளங்கவில்லை. உங்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேஜரோ மைனரோ எண்டு சொல்லுறது மூண்டாவது சுரம். அவதான் வீட்டுக்காரி. அவ அரைப்படி இறங்கி முகத்தைத் தூக்கினால் முழு வீடும் மைனர்."

அதற்கு நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கேட்டீர்கள்.

கபோவை வாங்கி வந்ததும் நீங்கள்தான். கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பிரித்த கட்டைகளில் ஒன்றைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சின்னக் கிளிப். "இதை மூண்டாம் கட்டையில போட்டிட்டு டி பிடியும். எஃப் வரும். ஒரு கட்டைக்கு ஒரு செமிடோன், அரைப்படி. உம்மட விரல் நோகாது." உங்கள் தொண்டையைப் பற்றி நாம் இருவரும் கதைக்கவேயில்லை. என் விரலைப் பற்றித்தான் கதைத்தோம்.

அடுத்த ஞாயிறு நீங்கள் முன்வாங்குக்குத் திரும்பினீர்கள். மூன்றாம் கட்டையில் கபோ. மழை தொடங்கியபோது அதை இரண்டாம் கட்டைக்கு இறக்கினேன். கண்டாவளைப் பக்கம் வயலில் நெல் அருவி வெட்டும்போது முதலாம் கட்டை. விரல் பிடிக்கிற கோட் மாறவில்லை, டி, ஜி, ஏ. கிளிப் மட்டும் ஒவ்வொரு கட்டையாகக் கீழே வந்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு ஞாயிறு நீங்கள் என் காதருகே, "கழட்டும்," என்றீர்கள். கழற்றினேன். அதற்குக் கீழேயும் போக எனக்கு வழியிருந்தது. உங்களுக்குத்தான் குரல் இருக்கவில்லை.

கடைசி மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து வாசிப்பேன். நீங்கள் படுத்தபடி என் முழங்காலில் ஒரு விரலால் தட்டுவீர்கள். நான் வேகமாகப் போனால் தட்டு நிற்கும். "ஓடாதேயும்," என்று மூச்சால் சொல்வீர்கள். "டெம்போ." எனக்கு எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட்டு எங்கேயாவது விழுந்து படுக்க வேண்டும் போலிருந்த நாள்கள் அவை. உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.

ஒருநாள், "மச்சாள், அண்டைக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினேன். நீங்கள் கையை அசைத்தீர்கள். "வாசியும்." அது மன்னிப்பா, கேட்க ஏலாத அலுப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாசித்தேன்.

இப்போது குழுவில் இளம் பிள்ளைகள். பாட்டுகள் திரும்பவும் ஏக்கு ஏறிவிட்டன. யாருக்கும் நான் இடம் தேட வேண்டியதில்லை. தொழிற்சாலை, பஸ், சமையல், பயிற்சி என்று கிழமை போகிறது. பல நாள் கிற்றாரை விட்டுவிடலாம் என்றே தோன்றும்.

நேற்றும் அப்படி நினைத்துக்கொண்டுதான், பழைய கம்பியோடு பயிற்சிக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், இரண்டாம் அடியில் குரல் எட்டாமல் கீழே இறங்கிவிட்டா. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவா பாட்டை நிறுத்தி, முகம் சிவந்து, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ தங்கச்சி, என்னால ஏலாது. நான் பின்னுக்கு இருக்கிறன்," என்றா.

எனக்குக் கை நொந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. ஆனாலும், உங்களிடம் ஒருநாளும் சொல்லாமல் விட்டதை அவாவிடம் சொன்னேன்:

"போகாதேங்கோ அக்கா. அதிலயே நில்லுங்கோ. நான் அங்க வாறன்."