எஸ்தரும் டிஷ்வாஷரும்

பாளையங்கோட்டை
1912 நவம்பர் 14, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் படம் பார்த்தேன். டிஷ்வாஷர் என்று பெயர். கைப்பிடியைச் சுற்றினால் போதுமாம். வீட்டுக்கு வந்ததும் மனைவி எஸ்தரிடம் சொன்னேன். ஆறு மாத வயிற்றோடு கிணற்றடியில் குந்தி, மீன்சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“கைப்பிடிய யாரு சுத்துவா?” என்று கேட்டாள்.

“வீட்டுப் பொம்பளதான்.”

“அப்ப அதுவும் என் தலையிலதான் விடியும்” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியை வாங்கி நானே தேய்க்க உட்கார்ந்தேன்.

“எந்திரிங்க. யாராச்சும் பாத்தா வாத்தியாரப் பத்தி என்ன நெனைப்பாவ?” என்று பதறினாள். நான் எழவில்லை. எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தேன். அதே சட்டியை அவள் சத்தமில்லாமல் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளை இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும்.