தனக்கொடி பேசினாள் என்று சொன்ன பேட்டி

பாகூர்,
14-3-85

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை சுலோசனா வணக்கத்துடன் எழுதுவது. கரும்பு வெட்டு முடிந்து அவர் இப்போதுதான் இரண்டு நாளாக வீட்டில் இருக்கிறார். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

ரேஷன் கடை சிங்காரவேலு வாரப் பத்திரிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முழுப் பக்கத்துக்கு உங்கள் படம். 'வீடியோ கேம் கம்பெனி முதலாளி நாகராஜன் பேட்டி' என்று படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பக்கம் புரட்டினேன். பிறந்ததிலிருந்து பேசாத உங்கள் தங்கை மகள், பாகூர் தனக்கொடி, உங்கள் பெட்டியில் மூன்று மாதம் விளையாடி 'மாமா' என்று கூப்பிட்டாளாமே?

பொங்கலுக்கு வந்தபோது பெட்டியும் டி.வி.யும் கொண்டுவந்தீர்கள். சாம்பிள் என்று இரண்டாம் நாளே திரும்ப எடுத்துப்போனீர்கள். பிள்ளைக்கு ஒன்பது வயதாகிறது, இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. பத்திரிகைக்காரர் தப்பாக எழுதிவிட்டாரா, நீங்களே சொன்னீர்களா?

அன்புத் தங்கை,
சுலோசனா

சென்னை,
21-3-85

அன்புள்ள சுலோசனாவுக்கு,

நானேதான் சொன்னேன். "இதை விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்கிறார்களே?" என்று நிருபர் மடக்கினார். சட்டென்று குழந்தை முகம் ஞாபகம் வந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். பேட்டி என்றால் அப்படித்தானம்மா. நாலு கேம் வைத்துக்கொண்டு நூறு என்கிறான் போட்டிக் கம்பெனிக்காரன். நான் யாருக்கும் கெடுதலாக ஒன்றும் சொல்லவில்லையே. மதுரை, கோவையிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது.

யாராவது கேட்டால், குழந்தைக்குக் கூச்சம் என்று சொல்லிவிடு. அவளுக்குக் கவுன் பார்சலில் வருகிறது.

அண்ணன்,
நாகராஜன்

பாகூர்,
9-4-85

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவுன் வந்தது. ஆட்களும் வருகிறார்கள். நேற்று காட்டேரிக்குப்பத்திலிருந்து சின்னபொண்ணு என்கிற கூலிக்காரப் பெண் வந்தாள். இரண்டு பஸ் மாறி, பேச்சு வராத ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தனக்கொடி எதிரில் உட்கார்ந்து, "இன்னாம்மா, ஒரே ஒரு வார்த்த பேசு. எம்புள்ள கேக்கட்டும்" என்றாள்.

நம் பிள்ளை வாயைத் திறந்தது. அதற்கு வரும் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும்.

சின்னபொண்ணு என்னைப் பார்த்தாள். "கூச்சப்படறா" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது. "ஆட்ட வித்தாவது அந்தப் பொட்டிய வாங்கிடறேன்க்கா" என்றாள். அதற்கு டி.வி. வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் அதையும் சொல்லாமல் அனுப்பினேன்.

அது பொய் என்று பத்திரிகைக்கு எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

சுலோசனா

சென்னை,
15-4-85

சுலோசனா,

அவசரப்படாதே. அறுபது பேர் என்னை நம்பி வேலை செய்கிறார்கள். இனிமேல் உன் வீட்டுக்கு யாரும் வராதபடி செய்வது என் பொறுப்பு. வேறொரு பத்திரிகை பேட்டிக்கு வருகிறது. அதில் சரிசெய்துவிடுகிறேன். மாப்பிள்ளையிடம் எதையும் பேசி வைக்காதே.

நாகராஜன்

பாகூர்,
20-5-85

திரு. நாகராஜன் அவர்களுக்கு,

இன்று காலை தெருமுனையிலிருந்தே ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து வந்தாள். சின்னபொண்ணுதான். கையில் மாலை, இடுப்பில் மகன். தனக்கொடி வாசலில் கன்றுக்குட்டிக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சின்னபொண்ணுக்கு ஒப்பாரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

உங்கள் புதிய பேட்டியை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். போன மாதம் மூளைக் காய்ச்சலில் என் மகள் இறந்துபோனாளாம். கடைசியாக 'மாமா' என்றாளாம். அவள் நினைவாக அடுத்த பெட்டிக்குத் தனக்கொடி என்று பெயராம். பக்கத்திலேயே நீங்கள் கண்ணைத் துடைக்கும் படம்.

தனக்கொடி படத்துக்குப் போடச் சின்னபொண்ணு கொண்டுவந்த மாலையைப் பிள்ளை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டது. வாசலில் கூடியிருந்தவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டிச் சிரித்தது. நான் பிடுங்கி எறிந்தேன். ஏன் பிடுங்கினேன் என்று தெரியாமல் அழுதது.

சின்னபொண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவள் என்னைத் திட்டவில்லை. மகனை இறக்கிவிட்டு, "அப்ப எம்புள்ள பேசமாட்டானாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு பத்திரிகைக்கும் பிள்ளையின் படத்தை வைத்து எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். மாமன் சீர் என்று எதையும் இனி இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். செத்துப்போன பிள்ளைக்கு யாரும் சீர் செய்வதில்லை.

இப்படிக்கு,
தனக்கொடியின் அம்மா