முகம் இல்லாத நாற்பது பேர்

அக்டோபர் 7, செவ்வாய்

நாங்கள் வரையும் அனிமேஷன் தொடரின் ஒன்பதாம் பாகத்தில் என் காட்சி வந்துவிட்டது. அரசன் குதிரையில் வருகிறான், சந்தையில் நாற்பது பேர் மண்டியிடுகிறார்கள். காட்சிகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கதைப்பலகையில் நாற்பது தலையும் வெறும் முட்டை. தூரத்துக் கூட்டத்துக்குக் கண், மூக்கு வரைவதில்லை. ஸ்டூடியோ வழக்கம்.

தொடர் முழுக்க ஒரே உபதேசம்: ஒவ்வோர் உயிருக்குள்ளும் ஒரு விளக்கு எரிகிறதாம். அரசனின் மேலங்கிக்குப் பதினேழு நிறம். விளக்கு எரிகிற மற்ற உயிர்களுக்கு ஒரு ஜோடிக் கண் கிடையாது!

வரைந்துவிட்டேன். நாற்பது முகமும்.

அக்டோபர் 9

இயக்குநர் முகாய்தே சான் தாளை, அடியிலிருந்து ஒளி வரும் விளக்கு மேசையில் வைத்துப் பார்த்தார்.

"இசோபே, யாரும்மா இவங்கல்லாம்?"

"ஊர் ஜனங்க."

"மூணு நொடிக் காட்சி. எவன் பாக்கப்போறான்?"

"மீன் கடையில நாள் பூரா நிக்கிறாங்களே எங்கம்மா, அவங்க பாப்பாங்க."

"உன் வாய்க்குன்னே தனியா ஒரு பாகம் எடுக்கணும்" என்று சிரித்தார். கையெழுத்தும் போட்டுவிட்டார். ஜெயித்தேன்!

அக்டோபர் 14

ஜெயிக்கவில்லை.

நான் வரைவது நிற்கும் நிலையும் மண்டியிட்ட நிலையும் மட்டும். அசைவு தெரிய நடுவில் வரும் தாள்களைக் கீழ்மாடியில் நோசோயே வரைய வேண்டும். முட்டையானாலும் முகமானாலும் தாளுக்கு அவளுக்கு ஒரே கூலி. சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றாள்.

"புரட்சி நீங்க பண்றீங்க அக்கா. கை எனக்கு வீங்குது."

சோற்றுருண்டையைப் பாதியில் வைத்துவிட்டேன். அவளுக்கு முகம் இருக்கிறது என்பதை நான்தானே மறந்தேன்? அதுக்காக அழிச்சிடணுமா? மாட்டேன். அழிக்கவே மாட்டேன்.

அக்டோபர் 15

அழிக்கவில்லை. வழியும் தெரியவில்லை.

அக்டோபர் 16

மண்டியிடுவதால்தானே நடுத்தாள்கள்? மண்டியிடாவிட்டால்?

அசையாமல் நின்றால் ஒரே ஓவியம் போதும். நாற்பது பேரும் நிமிர்ந்து நின்று அரசனையே பார்க்கிறார்கள். நானே வரைந்து முடித்தேன். மிரண்டு பின்வாங்கும் குதிரை மட்டும் நோசோயேவுக்கு.

"குதிரைக்கு ஒரு மூஞ்சிதான், பொழைச்சேன்" என்றாள்.

முகாய்தே சான் சிரிக்கவில்லை. "கதையையே மாத்திட்டே. இவங்க கும்பிடலேன்னா அரசன் என்ன பண்ணுவான்?"

"அது அவன் கவலை சார்."

தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வேலை போகுமா? போகட்டுமே. மறுபடி முட்டை வரைய என்னால் ஆகாது.

அக்டோபர் 21

பத்தாம் பாகத்தின் கதைப்பலகை மேசைக்கு வந்தது. முதல் பக்கம் புதிது, முகாய்தே சானின் அவசரக் கோடுகள். நிமிர்ந்து நிற்கும் நாற்பது பேருக்கு எதிரே, அரசன் ஒரு காலைச் சேணத்து அங்கவடியிலிருந்து எடுத்து, குதிரையைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறான்.